அந்தோணியார் பாதத்தில் நான் வைத்த சீட்டு

என் உயிர் மாப்பிள்ளை சூசைக்கு,

நீ இதைப் படிக்கப் போவதில்லை. எனக்குத் தெரியும். செத்தவர்களோடு பேசுகிறவர்களைக் கண்டால் கிண்டல் செய்யாமல் என்னால் சும்மா இருக்க முடிந்ததே இல்லை. கல்லறைத் திருநாளுக்கு உன் அய்யா குழிமேல் மெழுகுவத்தி ஏற்றிவைத்து, அவரிடம் நீ ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாய். "என்ன மாப்ள, சிக்னல் கெடைக்குதா?" என்று கேட்டேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கு நல்லாக் கெடைக்குது மச்சான், ஒனக்குத்தான் டவர் இல்ல" என்றாய்.

டவர் இல்லாதவன்தான் இன்று எழுதுகிறேன். உன் மனைவி எழுதச் சொல்லியிருக்கிறாள். பிலோமினா என் கூடப்பிறந்த தங்கச்சிதான், ஆனால் சொன்ன விதம் தங்கச்சி அண்ணனிடம் சொல்கிற விதமாக இல்லை. அதுவும் நாலு பேர் படிக்கும்படி எழுத வேண்டுமாம். ஒன்பது நாளாக அவள் என்னோடு பேசவில்லை. நான் போனால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

உனக்கு நான் ஒரு துரோகம் செய்தேன் மாப்பிள்ளை. நீ போய் மூன்று வருடம் தாண்டிவிட்டது, அது உனக்குத் தெரியாமலே போய்விட்டாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நேரடியாக அங்கே போக எனக்குத் தெம்பில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

சனிக்கிழமைகளில் நான் ராமநாதபுரத்திலிருந்து பஸ் ஏறிப் பாம்பன் வருவேன். வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்திய தொண்டையோடு உன் வள்ளத்தில் வந்து உட்காருவேன். நீ நண்டு வலையை இழுத்துக்கொண்டே என் பாடத்தைக் கேட்பாய். என் வகுப்பில் இருக்கிற எவனும் அப்படிக் கேட்டதில்லை. இயற்கைத் தேர்வு என்றால் என்ன என்று நான் படம் போட்டு, நாலு உதாரணம் சொல்லி, பரீட்சை வைத்தும் ஏறாத விஷயத்தை நீ வலையைப் பார்த்தே பிடித்துவிட்டாய்.

"கண்ணி ஒரே அளவுதான மச்சான். பெரிய நண்டு மாட்டுது, சிறுசு நழுவிருது. நழுவுனதுதான் குஞ்சு பொரிக்குது. அப்ப வருசா வருசம் நண்டு சிறுத்துக்கிட்டேதான போகும்? இதுக்கா நீ புத்தகத்துல அம்புட்டுப் பக்கம் வச்சிருக்க?"

"அம்புட்டுத்தான்" என்றேன்.

"அப்ப நல்ல நண்டு, கெட்ட நண்டுன்னு ஒண்ணும் கெடையாது."

"கெடையாது. கண்ணிக்கு நல்லது கெட்டது தெரியாது. யாரும் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறதும் இல்ல."

நீ மாட்டியிருந்த நண்டு ஒன்றைக் கழற்றிக் கூடையில் போட்டாய். பிறகு கேட்டாய்: "அப்ப எங்கய்யா எந்தக் கண்ணில மாட்டுனாரு?"

உன் அய்யா நாற்பது வயதில் வயிறு வீங்கிச் செத்துப்போனவர். அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இப்போது பதில் தெரியும், அது உனக்கு வேண்டாத பதில். உன் அய்யாவைக் கொன்றது எந்தக் கண்ணியிலும் மாட்டாத நோய். பிள்ளை பெற்ற பிறகு வந்து ஆளைக் கொல்கிறது. அதற்குள் அது பிள்ளையின் உடம்புக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைக்குப் பிள்ளை பிறக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்கிறது. தேர்வு செய்கிறவர் ஒருவர் இருந்திருந்தால் இதையாவது பார்த்திருக்க மாட்டாரா?

இன்னொரு சனிக்கிழமையும் நினைவிருக்கிறது. வெயில் ஏறிய கடல், மேலே துண்டு துண்டாக மேகம். தண்ணீரில் கறுப்பாக எது தெரிந்தாலும் நீ வள்ளத்தை ஒதுக்கினாய். "மேகத்தோட நெழல்தான மாப்ள, எதுக்கு ஒதுங்குற?" என்றேன். "இருக்கலாம். பாறையாவும் இருக்கலாம்" என்றாய். எனக்கு உடனே பாடம் நடத்துகிற வெறி வந்துவிட்டது.

நிழலை எல்லாம் பாறை என்று நினைத்து ஒதுங்கியவன் பிழைத்தான், பாறையை நிழல் என்று நினைத்தவன் வள்ளம் உடைந்து செத்தான், நாமெல்லாம் ஒதுங்கியவனின் வம்சம் என்றேன். அதனால்தான் இல்லாத இடத்திலும் நமக்கு யாரோ இருப்பதுபோல் தெரிகிறது. இடி இடித்தால் யாரோ கோபப்படுகிறார், நோய் வந்தால் யாரோ தண்டிக்கிறார். உங்கள் அந்தோணியாரும் அப்படி வந்த ஒரு நிழல்தான் என்று முடித்தேன். எனக்கே என் பேச்சு மிகவும் பிடித்திருந்தது.

நீ சிரித்தாய். "நெழலப் பாத்து ஒதுங்குனவன் பொழைச்சான்னா, எங்கனயோ ஒரு எடத்துல நெசமாவே பாறை இருந்திருக்கணும்ல மச்சான். பாறையே இல்லாத கடல்ல அந்தப் பயம் எதுக்கு வருது?"

"பாறை ஒண்ணு இருக்குங்கிறதுக்காக எல்லா நெழலும் பாறை ஆயிருமா?"

"எல்லா நெழலும் நெழல்தான்னும் ஆயிராதுல்ல."

நான் தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை. கரையேறி டீ குடிக்கும்போதுதான் நீ விட்ட இடத்திலிருந்து தொடங்கினாய். அந்தக் கேள்விதான் என்னை இத்தனை வருடமும் தின்றுகொண்டிருக்கிறது.

"நம்ம மூள பொழைக்கிறதுக்காக ஆன மூளதான? உண்மையக் கண்டுபிடிக்க ஆனதில்லயே? அப்ப நீ யோசிச்சுச் சொல்ற எதையும் எப்புடி நம்புறது? சாமி இல்லன்னு சொல்றதும் அதே மூளதான?"

படித்தவர்கள் பெரிய பெரிய அரங்கில் உட்கார்ந்து பேசுகிற கேள்வி அது. நீ கண்ணாடி டம்ளரைக் கழுவ நீட்டிக்கொண்டே கேட்டாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில் நல்ல பதிலும் வந்தது. ஒருத்தன் மூளை தப்பும், நம்ப முடியாதுதான். அதனால்தான் யாரும் தனியாக முடிவுக்கு வரக்கூடாது. யோசித்ததை வெளியே வைக்க வேண்டும், பத்துப் பேர் அதைத் தட்டிப் பார்க்க வேண்டும், ஓட்டை இருந்தால் சொல்ல வேண்டும். அறிவியல் என்பது புத்திசாலித்தனம் இல்லை, ஒளிக்காமல் இருப்பது என்றேன்.

நீ தலையாட்டினாய். "இது சரிதான் மச்சான். ஒத்த ஆளா, மத்தவனுக்குத் தெரியாம முடிவு பண்ணக்கூடாதுங்கிற. இத நான் ஒத்துக்கிறேன்" என்றாய்.

ஒத்துக்கொண்டவன் நீ. சொன்னவன் என்ன செய்தேன் தெரியுமா?

ஊரில் எதற்கெடுத்தாலும் சீட்டுப் போட்டுப் பார்ப்பார்கள் என்பது உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரன் இரண்டு வந்தால் சீட்டு, புது வள்ளத்துக்குப் பேர் வைக்கச் சீட்டு, வீட்டை விற்கலாமா வேண்டாமா என்று சீட்டு. இரண்டு துண்டுத் தாளில் எழுதிச் சுருட்டி அந்தோணியார் பாதத்தில் வைத்து, மூன்று பரலோக மந்திரம், மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லி ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்ததுதான் சாமியின் பதில். எடுக்காத சீட்டைப் பிரிக்கக்கூடாது. பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாகிவிடும் என்று அப்படியே மெழுகுவத்தியில் காட்டி எரித்துவிடுவார்கள். பங்குச் சாமியார் பூசைக்குப் பூசை கண்டித்துப் பார்த்தார், ஒருவரும் காதில் வாங்கவில்லை.

எழுதுகிறவன் யார் என்பதில்தான் ஊர் மிகவும் கவனம். எழுதுகிறவன் மனதில் ஆசை இருந்தால் சீட்டில் அது இறங்கிவிடும் என்பார்கள். பக்தி உள்ளவன் எழுதினால் அவன் தனக்குள் ஒன்றை வேண்டிக்கொண்டே எழுதுவான். அதனால் எதையும் நம்பாத ஒருத்தன் வேண்டும். பாம்பனில் அதற்கு என்னை விட்டால் யார்? கல்யாணத்துக்குப் பிறகு நான் ராமநாதபுரம் போன பின்னும் தேடி வந்து எழுதி வாங்கிப் போனார்கள். "சாமி இல்லங்குற வாத்தியாரு, சாமிக்குக் கிளார்க்கு வேலை பாக்குறாரு" என்று நீதான் பேர் வைத்தாய். எனக்கும் அதில் ஒரு திமிர் இருந்தது. எல்லாருக்கும் நேர்மையாகத்தான் எழுதினேன். எது வந்தாலும் எனக்கென்ன?

உனக்குப் பெருங்குடலில் கட்டி என்று மதுரையில் சொன்னார்கள். ஆபரேஷனில் ஆபத்து இருக்கிறது, செய்யாவிட்டால் அதிகம் தாங்காது என்று டாக்டர் ஒளிக்காமல் பேசினார். நீ கேட்டுக்கொண்டு வந்து வீட்டு வாசலில் வலைக் குவியல்மேல் உட்கார்ந்தாய். "கத்தி வேணாம் மச்சான். எங்கய்யா கத்தி படாமத்தான் போனாரு. நானும் அப்புடியே போயிர்றேன்" என்றாய். பிலோமினா அழுதாள். அமலா அப்போதுதான் கல்லூரி முடித்திருந்தாள், உன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் பிலோமினாதான் சொன்னாள்: "அந்தோணியாருகிட்ட கேப்போம். அண்ணன் எழுதித் தரட்டும்." நீ சரி என்றாய்.

பள்ளிக்கூட விடைத்தாளில் இரண்டு துண்டு கிழித்தேன். முதல் துண்டில் 'செய்' என்று எழுதினேன். இரண்டாவதில் 'வேண்டாம்' என்று எழுத வேண்டும். 'வே' என்று தொடங்கக்கூட என் கை போகவில்லை. ஒரு தாள் சுருள் பக்கம் மாறி உருண்டால் என் மாப்பிள்ளை செத்துப்போவான், இதை நான் வேடிக்கை பார்க்க வேண்டுமா என்று தோன்றியது.

இரண்டாவதிலும் 'செய்' என்று எழுதினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம்கூட. சீட்டில் நம்பிக்கையில்லாதவன் சீட்டில் திருகுதாளம் செய்தால் அது என்ன பாவம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நீங்கள் மூன்று பேரும் முழந்தாளிட்டு மந்திரம் சொன்னீர்கள், கோயிலில் சுருள்களை அந்தோணியார் பாதத்தில் வைத்துவிட்டு நான் பின்னால் தூணோரம் நின்றேன். நீயே கை நீட்டி எடுத்தாய். பிரித்துப் படித்தாய். உன் முகத்தில் இருந்த பயம் அப்படியே வடிந்ததை நான் பார்த்தேன். மற்ற சீட்டைப் பிலோமினா மெழுகுவத்தியில் காட்டினாள். அதில் 'வேண்டாம்' என்று இருந்ததாக ஊர் இன்றுவரை நம்புகிறது.

மதுரைக்குப் போகிற பஸ்ஸில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டே வந்தாய். ஆபரேஷனுக்குப் போகிறவன் மாதிரியே இல்லை. பரமக்குடி தாண்டும்போது திடீரென்று திரும்பி, "சாமி சொல்லிட்டாரு, அது கெடக்கட்டும். நீ என்ன நெனைக்கிற மச்சான்? செஞ்சுக்கலாமா?" என்று கேட்டாய்.

மாப்பிள்ளை, அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "சாமியே சொன்ன பெறகு வாத்தியார் என்னத்தச் சொல்றது?" என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய். சொல்லியிருக்கலாம். 'ஆமா, செஞ்சுக்க, எனக்கு நீ வேணும்' என்று என் வாயால் சொல்லியிருக்கலாம். நீ அதைத்தான் கேட்டாய்.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. கஞ்சி குடித்தாய். ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது, கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். அவர்கள் செய்யக்கூடியதை எல்லாம் செய்தார்கள், நான் கூடவே நின்று பார்த்தேன். இரண்டு நாளில் உன்னைத் துணியில் சுற்றிப் பாலத்தைத் தாண்டிக் கொண்டுவந்தோம்.

என் கணக்குப்படி என் முடிவு சரியான முடிவு. அப்போது தெரிந்ததை வைத்து இன்று மறுபடி யோசித்தாலும் செய் என்றுதான் சொல்வேன். சரியாக யோசித்தும் கெட்டது நடக்கும், அதற்காக யோசனை தப்பென்று ஆகாது. இதை வகுப்பில் கரும்பலகையில் எழுதியே விளக்குவேன். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தால் ஒரே ஒரு எண்ணம்தான். நான் அந்தோணியாரை ஏமாற்றினேன், அவர் உன்னை எடுத்துக்கொண்டார்.

சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை. நிழலைப் பாறை என்று பார்க்கிற பழைய மூளையின் வேலை இது என்று எனக்குத் தெரியும். அது எப்படி வருகிறது, ஏன் வருகிறது என்று உனக்கே நான்தான் பாடம் நடத்தினேன். தெரிந்தும் நிற்கவில்லை. நோய் வந்துவிட்ட டாக்டர் மாதிரி இருக்கிறேன். உனக்குக் கிடைத்த சாமி உன்னை பஸ்ஸில் கடலை தின்ன வைத்தார். எனக்கு மன்னிக்கிற சாமி கிடைக்கவில்லை, தண்டிக்கிற சாமி மட்டும் எப்படியோ உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். இதென்ன நியாயம்?

ஒரு சனிக்கிழமை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தன வரிசையில்கூடப் போய் நின்றேன். முப்பது வருடத்துக்குப் பிறகு. எனக்கு முன்னால் ஒரே ஒரு அம்மாள் இருக்கும்போது விலகி வந்துவிட்டேன். உள்ளே போய் என்ன சொல்வேன்? 'இல்லாத ஒருவரை ஏமாற்றிவிட்டேன் சுவாமி' என்றா? வெளியே வந்து செருப்பைத் தேடும்போதுதான் ஒன்று உறைத்தது. நான் ஏமாற்றியது அந்தோணியாரை இல்லை. உன்னை. ஒளிக்காமல் இருப்பதுதான் அறிவு என்று உன்னிடமே பீற்றிக்கொண்டு, உன் உயிர் விஷயத்தில் ஒத்தையாளாக, ஒளித்து, உன்னிடமே கேட்காமல் முடிவெடுத்தேன். சாமியையும் நான் மதிக்கவில்லை, அறிவையும் மதிக்கவில்லை.

பிலோமினா எப்படித் தாங்கினாள் என்று நினைக்கிறாய்? அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டுதான். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "சாமி போன்னு சொல்லித்தான் போனாக. அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது?" என்றாள். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். உண்மையைச் சொல்லவில்லை. நம்பிக்கை மனிதனைப் பிழைக்க வைக்கிற ஏற்பாடு, அது பொய்யாக இருந்தாலும் வேலை செய்கிறது என்று மனதுக்குள் தேற்றிக்கொண்டேன். பார்த்தாயா, அதிலும் எனக்கு ஒரு கோட்பாடு வேண்டியிருந்தது.

இனி இங்கே இருக்கிற சேதி. 

அமலாவுக்கு இப்போது இருபத்தைந்து வயது. ராமநாதபுரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். உன் மூக்கு, உன் நடை. தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வரன் பேசி முடிக்கிற நிலையில் இருக்கிறது. உன்னைப் பார்த்த டாக்டர் அன்றே சொன்னார், பிள்ளை இருந்தால் சோதித்துப் பாருங்கள், இது வம்சத்தில் வருவது என்று. தள்ளித் தள்ளிப் போட்டு, இந்த ஆடியில்தான் நான் அவளை வம்பாக அழைத்துப் போனேன். அவள் குடல் முழுக்கச் சின்னச் சின்ன முளைகள். இன்றைக்குப் புற்று இல்லை, விட்டால் ஒருநாள் ஆகும், இப்போதே பெருங்குடலை எடுத்துவிடுவது நல்லது என்கிறார்கள். வயது இருக்கிறது, உடம்பில் தெம்பு இருக்கிறது, அப்பாவுக்குச் செய்த நிலைமை வேறு, இது வேறு என்கிறார்கள்.

உன் அய்யா, நீ, இப்போது அவள். நான் கரும்பலகையில் வம்சாவளிக் கட்டம் போட்டு, நோய் உள்ளவரைக் கறுப்பாகத் தீட்டச் சொல்லிப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடுகிறவன். அந்தக் கட்டத்தில் என் மருமகளைத் தீட்ட வேண்டும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

பிலோமினா அன்று சாயங்காலமே கேட்டாள்: "அண்ணே, செவ்வாக்கெழம அந்தோணியாருக்குப் பூச இருக்கு. ரெண்டு சீட்டு எழுதிக் குடு. அவுகளுக்கு எழுதுன மாதிரியே எழுது."

உனக்கு எழுதின மாதிரியே.

ராமநாதபுரம் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் யோசித்தேன். நேர்மையாக எழுதினால், பிள்ளையின் உயிரைத் தாள் சுருளில் விடுகிறேன். மறுபடி இரண்டிலும் 'செய்' என்று எழுதினால், நன்றாகவே முடியலாம். முடிந்தால் இந்த உண்மை என்னோடு போய்விடும். முடியாவிட்டால்? எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறையாகத்தான் தெரிந்தது.  செவ்வாய்க்கிழமைக்கு முந்தின நாள் மத்தியானம் பாம்பன் வந்தேன். பிலோமினா முற்றத்தில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள், அமலா பக்கத்தில் இருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையிலிருந்த கருவாட்டைப் பாயில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப, ஒழுங்கா எழுதியிருந்தா, வேண்டாமுன்னு வந்திருக்குமோ அண்ணே?"

மாப்பிள்ளை, நான் நாற்பது வருடம் படித்ததில் அதற்குப் பதில் இல்லை. வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம், அதற்கும் உன் புருஷன் பிழைப்பதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லலாம். அவள் கேட்டது அதையா? சாமி அவளிடம் ஏதோ சொல்ல வந்தார், நான் அவர் வாயைப் பொத்திவிட்டேன். அவர் என்ன சொல்ல வந்தார் என்பது இனி ஒருபோதும் அவளுக்குத் தெரியாது. மூன்று வருடமாக அவள் சாய்ந்து நின்ற சுவரை நானே இடித்துவிட்டேன். 

"இனி எந்தச் சீட்டும் வேணாம்" என்றாள். "கத்தியும் வேணாம். என் புள்ள ஒடம்புல எவன் கையும் படாது."

மன்னித்துவிடு என்றேன். அவள் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "மன்னிக்க நான் யாரு? ஏமாந்தது அவுக. அவுககிட்ட கேளு. நாலு பேரு பாக்கத்தான அவுக சீட்டெடுத்தாக? நீயும் நாலு பேரு படிக்க எழுதிக் கேளு." அவ்வளவுதான், உள்ளே போய்விட்டாள்.

அதனால் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு சூசை. கேட்க நீ இல்லை என்று முழுதாக நம்பிக்கொண்டே கேட்கிறேன். இதைவிடக் கேடுகெட்ட நிலைமை ஒருத்தனுக்கு வருமா? நம்புகிறவன் கேட்டுவிட்டு ஆறுதலாக எழுந்து போவான். நான் கேட்டுவிட்டு இந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் எல்லாம் லேசாகும் என்பார்கள். நான் சொன்ன உண்மை உன் மகளை ஆபரேஷன் மேஜையிலிருந்து இன்னும் தூரத்துக்குத் தள்ளிவிட்டது. பொய் உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, உண்மை இவளைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. பிழைக்க எது உதவும், பொய்யா, உண்மையா? உன் டீக்கடைக் கேள்விக்குத்தான் மறுபடியும் வந்து நிற்கிறேன்.

நேற்று மாலை அமலாவின் மருந்துக் கடைக்குப் போனேன். கூட்டம் குறையும்வரை வெளியே நின்றேன். அவள் வந்து என்னோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தாள். அழுது அழுது முகம் உப்பியிருந்தது. அம்மாவிடம் பேசு, டாக்டரை ஒருமுறை அம்மாவுக்கும் விளக்கச் சொல்லலாம், வேறொரு டாக்டரிடமும் காட்டலாம் என்று நான் வளவளவென்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் நின்றுவிட்டாள்.

"மாமா, அப்பாவும் பஸ்ஸுல ஒங்ககிட்டக் கேட்டாகன்னு சொன்னீகள்ல? நானும் கேக்குறேன். டாக்டர் என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியும். நான் என்ன நெனைக்கிறேன்னும் தெரியும். நீங்க என்ன நெனைக்கிறீக? எனக்கு யாராச்சும் ஒரு ஆளு, மொகத்தப் பாத்துச் சொல்லணும்."

 இரண்டு பஸ் வந்து போனது. "ரெண்டு நாள் குடும்மா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறினாள். என்ன கோழைத்தனம் பார், இப்போதும் தவணை கேட்கிறேன்.

அந்த இரண்டு நாள் நாளையோடு முடிகிறது. அதற்கு முன் உன்னிடம் சொல்லிவிட்டுப் போகத்தான் உட்கார்ந்தேன். உனக்கு நான் தருகிற வாக்கு இது. நாளைக் காலை பாம்பன் வருவேன். பிலோமினா கதவைச் சாத்தினால் சாத்திய கதவுக்கு வெளியே நின்று, அவளுக்கும் கேட்கிற மாதிரி உன் மகளிடம் சொல்வேன்: "அமலா, செஞ்சுக்கம்மா. இத எந்தச் சாமியும் சொல்லல, ஒன் மாமன் சொல்றேன். என் யோசன தப்பாவும் இருக்கலாம். தப்பாப் போனா ஒங்கம்மா காறித் துப்ப வேண்டிய மொகம் இதுதான்." அவள் வேண்டாம் என்று சொன்னால் அது அவள் முடிவு, அவள் உயிர். அதை மாற்ற நான் ஒரு எழுத்தும் எழுத மாட்டேன்.

உன்னைக் கேட்காமல் உனக்காக முடிவெடுத்த,
உன் மச்சான்,
இன்னாசி